உழைக்கும் தசையும் உணரும் நொதியும்

மனித உடலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எலும்புத்தசை. நடப்பதும் நிமிர்வதும் சுமப்பதும் அதன் தொழில் என்பதை எவரும் அறிவர். அத்தொழிலைச் செய்யும்போதே தசை தன்னை மறுபடியும் கட்டிக்கொள்கிறது என்பதும், அதற்கான ஆணை தசையிழையின் உட்கருவில் மரபணுக்களின்மீது பிறக்கிறது என்பதும் கடந்த அரை நூற்றாண்டில் படிப்படியாகத் தெளிந்த உண்மைகள். அவ்வாணையைப் பிறப்பிக்கும் மூலக்கூறுகளுள் தலையாயது ஒரு நொதி. உயிரணுவில் ஆற்றல் குறையத் தொடங்கும்போதே அது உணர்ந்துவிடுகிறது. உணர்ந்ததும் செலவைச் சுருக்குகிறது, வரவைப் பெருக்குகிறது, நாளைய தேவைக்குரிய மரபணுக்களையும் விழிக்கச் செய்கிறது. ஏ.எம்.பி.கே. என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். இக்கட்டுரையில் அதனை ஆற்றலுணர் நொதி என்றே வழங்குவோம்.

மலேசியத் தீவக்குறையின் தென்கோடியாகிய ஜொகூரில் வாழும் தமிழர்க்கு இந்நொதியின் கதை மிக நெருக்கமானது. கூலாய், குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் நம் முன்னோரின் தசை வலிமையால் தழைத்தவை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்குடன் நிரைக்குள் நுழைந்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றித் தோளில் சுமந்த தலைமுறை அது.

செம்பனைக் குலை அறுப்பவரின் உழைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய வளைந்த அரிவாளை மரத்தின் உச்சிக்கு உயர்த்துகிறார். குலையைத் தாங்கும் மட்டையை முதலில் இழுத்தறுக்கிறார். பின்பு குலையின் காம்பை அறுக்கிறார். இருபது கிலோ எடையளவு வரக்கூடிய குலை தரையதிர விழுகிறது. சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கி, குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேடும் பள்ளமுமான தடத்தில் சாலையோரம்வரை தள்ளிச் செல்கிறார். திரும்பி வந்து, அடுத்த மரத்தின் அடியில் மீண்டும் கழுத்தையும் தோளையும் நிமிர்த்துகிறார். கை, தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால் எனப் பெருந்தசைகள் அனைத்தும் மணிக்கணக்கில் ஆற்றலைச் செலவிடும் தொழில் இது.

இன்று இத்தொழிலில் பெரும்பாலோர் அயல்நாட்டினர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் குடியிருப்புகளாக மாறியும் போயின. நம்மவர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும், சரக்குந்தின் ஓட்டுநர் இருக்கைக்கும், ஜொகூர் பாருவின் அலுவலகங்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தை விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் பல்லாயிரவர். அவர்களின் வேலை நேரம் நீண்டது; களைப்பும் பெரிது. ஆனால் அவ்வேலையில் பெருந்தசைகளின் பங்கு மிகவும் சுருங்கிவிட்டது.

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு 2019-இல் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. நாட்டின் பேரினங்களுள் இந்தியரிடையேதான் இந்நோயின் அளவு மிகுதி. 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ பத்தில் மூவர். உணவு, மரபு, வறுமை, மன அழுத்தம், தூக்கக்கேடு எனப் பல வேர்கள் இதற்கு உண்டு. தசையின் மரபணுக்கள் பெறும் ஆணை மாறிவிட்டமையும் அவ்வேர்களுள் ஒன்று. அதனை விளங்கிக்கொள்ள ஆற்றலுணர் நொதியின் பணியை அறிதல் வேண்டும்.

வினா பிறந்த இடம்

1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலோசி என்னும் அறிஞர் எலிகளை ஓடுபொறியில் பல வாரங்கள் ஓடப் பழக்கினார். பின்பு அவற்றின் கால் தசைகளை ஆய்ந்தார். உணவை உயிர்வளியுடன் எரித்து ஆற்றலாக்கும் இழைமணிகளின் திறன், அதாவது மைட்டோகாண்டிரியங்களின் திறன், பழகாத எலிகளைவிட ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்திருந்தது. உழைப்பு தசையின் உள்ளமைப்பையே மாற்றுகிறது என்பதற்கு அது உறுதியான சான்றாயிற்று.

அச்சான்று ஒரு வினாவையும் எழுப்பியது. ஓடுவது கால். இழைமணிப் புரதங்களுக்குரிய மரபணுக்களோ மிகப் பெரும்பாலும் தசையிழையின் உட்கருவில் உள்ளவை. கால் ஓடிய செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்வது எது? இவ்வினாவுக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விடையின் முதல் இழை தசையில் கிட்டவில்லை. 1973-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இரு குழுவினர் தனித்தனியே ஆய்ந்து வந்தனர். ஒரு குழு கொழுப்பமிலம் உருவாவதை ஆய்ந்தது. மற்றொன்று கொலசுட்ரால் உருவாவதை ஆய்ந்தது. இரு செயல்களையும் ஏதோ ஒரு புரதம் பாசுபேட்டை ஏற்றி நிறுத்திவிடுவதை அவர்கள் கண்டனர். அவ்விரண்டும் ஒரே நொதியின் செயல் என்பதை 1980களின் பிற்பகுதியில் இசுக்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹார்டியும் அவர்தம் குழுவினரும் நிறுவிப் பெயரும் சூட்டினர். 1996-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வில்லியம் விண்டர், ஹார்டியுடன் சேர்ந்து, ஓடும் எலியின் தசையில் இந்நொதி தூண்டப்படுவதைக் காட்டினார். ஹாலோசியின் வினாவும் டண்டியின் நொதியும் அங்கே சந்தித்தன.

குறைவை அளக்கும் திறம்

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை அடினோசின் முப்பாசுபேட்டு என்னும் மூலக்கூறு தருகிறது. மூன்று பாசுபேட்டுகளுள் ஒன்று பிரியும்போது ஆற்றல் வெளிப்பட்டு, எஞ்சுவது இருபாசுபேட்டு ஆகிறது. கடும் உழைப்பின்போது தசையில் உள்ள முப்பாசுபேட்டின் இருப்பு சில நொடிகளுக்கே போதும். எனவே செலவான அளவு உடனுக்குடன் ஈடுசெய்யப்பட வேண்டும். கிரியாட்டின் பாசுபேட்டு முதலில் கைகொடுக்கிறது. அடுத்துக் கிளைக்கோசனும் கொழுப்பும் எரிகின்றன. இவ்வாறு ஈடுசெய்யப்படுவதால் உழைக்கும் தசையிலும் முப்பாசுபேட்டின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. பெரிதாகக் குறையாத ஒன்றை அளந்து நெருக்கடியை அறிவது எளிதன்று.

இயற்கை இதற்கு நுண்ணிய வழி கண்டுள்ளது. தசையில் மற்றொரு நொதி, இரண்டு இருபாசுபேட்டுகளை எடுத்து, ஒன்றை முப்பாசுபேட்டாகவும் மற்றதை ஒற்றைப்பாசுபேட்டாகவும் மாற்றுகிறது. ஆற்றல் ஒரு துளியும் வீணாகாமல் மீட்கும் வழி இது. இவ்வழியில் பிறக்கும் ஒற்றைப்பாசுபேட்டே நெருக்கடியின் அடையாளம் ஆகிறது. முப்பாசுபேட்டோடு ஒப்பிடுகையில் இருபாசுபேட்டின் விகிதம் மூன்று மடங்கானால், ஒற்றைப்பாசுபேட்டின் விகிதம் ஒன்பது மடங்காகும். முன்னது பத்து மடங்கானால் பின்னது நூறு மடங்காகும். அரிசிப்பானையை எட்டிப்பார்த்துக் குடும்பத்தின் நெருக்கடியை அறிவது கடினம். மளிகைக்கடையின் 555 கணக்குப் புத்தகத்தில் ஏறும் கடன்வரிகள் அதனை முன்னதாகவே காட்டிவிடும். ஆற்றலுணர் நொதி படிப்பது அக்கடன்வரிகளை. அதன் பெயரிலுள்ள ஏ.எம்.பி. என்னும் எழுத்துகள் அந்த ஒற்றைப்பாசுபேட்டையே குறிக்கின்றன.

முக்கூட்டு அமைப்பு

ஆற்றலுணர் நொதி மூன்று புரதங்களின் கூட்டு. ஆல்பா என்னும் உறுப்பு செயல்புரிவது: பிற புரதங்களின்மீது பாசுபேட்டை ஏற்றுவது அதுவே. பீட்டா என்னும் உறுப்பு மற்ற இரண்டையும் பிணைத்து நிற்கிறது. கிளைக்கோசனோடு ஒட்டும் பகுதியும் அதில் உண்டு. காமா என்னும் உறுப்பு உணர்வது: ஒற்றை, இரு, முப்பாசுபேட்டுகள் போட்டியிட்டு வந்தமரும் இருக்கைகள் அதில் உள்ளன. ஓய்வில் முப்பாசுபேட்டு அவ்விருக்கைகளில் அமர்ந்திருக்கும். உழைப்பில் ஒற்றைப்பாசுபேட்டு பெருகி அதனை அகற்றி அமரும்.

அமர்ந்ததும் மூன்று விளைவுகள் நிகழ்கின்றன. ஆல்பா உறுப்பின் 172-ஆம் இடத்தில் திரியோனின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதன்மீது எல்.கே.பி.-1 என்னும் மேல்நிலை நொதி பாசுபேட்டை ஏற்றுவது எளிதாகிறது. ஏறிய பாசுபேட்டைப் பிற நொதிகள் கழற்றிவிடாதபடி காப்பும் கிடைக்கிறது. நொதியின் வேகமும் நேரடியாகக் கூடுகிறது. அந்த 172-ஆம் இடத்துப் பாசுபேட்டு ஒன்றே நொதியின் செயலை நூறு மடங்குக்கு மேல் உயர்த்த வல்லது. மேல்நிலை நொதி எல்.கே.பி.-1 என்பது 2003-இல் கண்டறியப்பட்டது.

ஆல்பாவிலும் பீட்டாவிலும் இவ்விரண்டு வகையும், காமாவில் மூன்று வகையும் உண்டு. இவற்றைச் சேர்த்துப் பன்னிரண்டு கூட்டுகள் அமையலாம். அவற்றுள் ஆல்பா-2, பீட்டா-2, காமா-3 ஆகியவை சேர்ந்த கூட்டு எலும்புத்தசைக்கே சிறப்பானது. காமா-3 உறுப்பின் பொருளை உலகுக்கு உணர்த்தியது ஒரு பன்றியினம். ஹாம்சயர் பன்றிகளின் தசையில் கிளைக்கோசன் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதலாக இருப்பதற்கு, இவ்வுறுப்பின் மரபணுவில் நேர்ந்த ஒரே எழுத்து மாற்றம் காரணம் என 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. 200-ஆம் இடத்தில் அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் குளூட்டமைனாக மாறியிருந்தது. உணரும் உறுப்பில் ஓர் அமினோ அமிலம் மாறியதும் தசையின் சேமிப்பே மாறிவிட்டது.

மணித்துளிகளில் நிகழ்வன

விழித்தெழுந்த நொதியின் பணிகள் இரு காலஅளவில் நிகழ்கின்றன. சில பணிகள் மணித்துளிகளில் முடிவன. சில, மணிகளும் நாள்களும் கடந்து பயன் தருவன.

மணித்துளிகளில் நிகழ்வன எளியவை. கொழுப்பமிலங்கள் இழைமணிக்குள் நுழைவதைத் தடுக்கும் மலோனைல் துணைநொதி உருவாவதை ஆற்றலுணர் நொதி நிறுத்துகிறது. தடை நீங்கவே கொழுப்பு எரிகிறது. புதுப் புரதங்களைக் கட்டும் செலவு அப்போதைக்குச் சுருங்குகிறது. குளுக்கோசைத் தசைக்குள் விடும் குளூட்-4 என்னும் வாயிற்புரதம் உயிரணுவின் உட்பைகளிலிருந்து மேற்பரப்புக்கு நகர்கிறது.

இந்த நகர்வு இனிப்புநீர் உடையோர்க்கு மிக முதன்மையானது. இன்சுலினும் குளூட்-4 புரதத்தை மேற்பரப்புக்கு அழைப்பதே. ஆனால் இரண்டாம் வகை இனிப்புநீரில் இன்சுலினின் அழைப்புக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. தசைச் சுருக்கம் தரும் அழைப்போ வேறு வழியில் வருவது. இன்சுலினைச் சார்ந்து நிற்பதன்று. ஒரு வாயில் அடைபட்டவர்க்கும் மற்றொரு வாயில் திறந்தே உள்ளது.

உட்கருவுக்குள் ஆணை

இனி மரபணுக்களுக்கு வருவோம். மனித உட்கருவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, இசுடோன் என்னும் புரதங்களைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. இறுகிய இடத்தில் மரபணுவைப் படியெடுக்க இயலாது. இசுடோன்களில் அசிட்டைல் என்னும் சிறு வேதித்தொகுதி ஏறினால் இறுக்கம் தளர்கிறது. அதனை நீக்கினால் மீண்டும் இறுகுகிறது.

ஓய்வில் இருக்கும் தசையிழையின் உட்கருவில் எச்.டி.ஏ.சி.-5 என்னும் அசிட்டைல் நீக்கி, எம்.இ.எஃப்.-2 என்னும் படியெடுப்புக் காரணியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. எம்.இ.எஃப்.-2 குளூட்-4 மரபணுவின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து அதனை இயக்க வேண்டியது. பற்றப்பட்டு நிற்பதால் அதனால் இயங்க இயலவில்லை, மரபணு மந்தமாகிறது.

உழைப்பு தொடங்கியதும் காட்சி மாறுகிறது. ஆற்றலுணர் நொதியின் ஆல்பா-2 உறுப்பு மனிதத் தசையின் உட்கருவில் பெருகுவதை 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வர் மிதிவண்டி ஓட்டியோரின் தொடைத்தசையில் கண்டனர். 2008-இல் அவர்களே அடுத்த படியையும் காட்டினர். எச்.டி.ஏ.சி.-5 புரதத்தின் 259-ஆம், 498-ஆம் இடங்களிலுள்ள செரீன்களின்மீது ஆற்றலுணர் நொதி பாசுபேட்டை ஏற்றுகிறது. ஏறியதும் அப்புரதம் எம்.இ.எஃப்.-2-ஐக் கைவிட்டு உட்கருவிலிருந்து வெளியேறுகிறது. இசுடோன்களில் அசிட்டைல் ஏறுகிறது, இழை தளர்கிறது, குளூட்-4 மரபணு படியெடுக்கப்படுகிறது. அப்படியைக் கொண்டு புதிய வாயிற்புரதங்கள் உருவாகின்றன.

மேலே கூறிய நகர்வு, இருக்கும் வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவருவது. இங்கே கூறியது வாயில்களின் எண்ணிக்கையையே கூட்டுவது. முன்னது அன்றைய உழைப்புக்கு உதவும். பின்னது அடுத்தடுத்த நாள்களின் ஒவ்வோர் உணவு வேளைக்கும் உதவும். குருதியில் சர்க்கரை ஏறும்போது, உழைத்த தசையில் அதனை வாங்கிக்கொள்ளும் வாயில்கள் மிகுதியாக இருக்கும்.

இழைமணிகள் பெருகும் வகை

ஹாலோசி கண்ட இழைமணிப் பெருக்கத்தை ஆளும் தலைமைப் புரதம் 1998-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பி.ஜி.சி.-1 ஆல்பா என்பது அதன் பெயர். அது தானே டி.என்.ஏ.வைப் பற்றுவதில்லை. படியெடுப்புக் காரணிகள் பலவற்றுக்குத் துணைநின்று அவற்றின் செயலைப் பன்மடங்காக்குகிறது. இழைமணிப் புரதங்களின் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உட்கருவில் சிதறியுள்ளன. இழைமணியின் சொந்த டி.என்.ஏ.வில் பதின்மூன்று புரதங்களுக்கான குறிப்புகளே உள்ளன. இவ்விரு தொகுதிகளும் ஒத்திசைந்து இயங்கினால்தான் முழு இழைமணி உருவாகும். அந்த ஒத்திசைவைப் பேணுவது பி.ஜி.சி.-1 ஆல்பா.

ஆற்றலுணர் நொதி இதனைப் பல வழிகளில் ஏவுகிறது. அதன் 177-ஆம் இடத்துத் திரியோனினிலும் 538-ஆம் இடத்துச் செரீனிலும் நேரே பாசுபேட்டை ஏற்றுவதை 2007-இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2009-இல் மற்றொரு வழி தெரியவந்தது. நொதியின் செயலால் உயிரணுவில் என்.ஏ.டி. என்னும் துணைமூலக்கூறு கூடுகிறது, அது சர்ட்-1 என்னும் புரதத்தைத் தூண்டுகிறது, சர்ட்-1, பி.ஜி.சி.-1 ஆல்பாவின்மீதுள்ள அசிட்டைல்களைக் களைந்து அதனை முழுத்திறனோடு இயங்க விடுகிறது. இசுடோனில் அசிட்டைல் ஏறினால் மரபணு திறக்கிறது; இப்புரதத்தில் அசிட்டைல் இறங்கினால் அது விரைகிறது. ஒரே வேதித்தொகுதி இடத்துக்கேற்ப இருவேறு பொருள் தருகிறது.

புதியன கட்டும்போது பழையன கழிதலும் வேண்டும். பழுதுற்ற இழைமணிகளைச் சிதைத்து மீட்கும் பணியையும் ஆற்றலுணர் நொதியே தொடங்கிவைக்கிறது. அப்பணிக்குரிய மரபணுக்களை ஃபாக்சோ-3 என்னும் படியெடுப்புக் காரணியின் வழியாகவும் அது ஏவுகிறது.

இவ்வாணைகள் நீடித்து நிற்பன அல்ல. ஒரு முறை கடுமையாக உழைத்தால் பி.ஜி.சி.-1 ஆல்பா மரபணுவின் தூதுப்படிகள் சில மணிகளில் பல மடங்கு உயர்கின்றன. ஒரு நாளுக்குள் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. தூதுப்படி கரைவதற்குள் அதிலிருந்து சிறிதளவு புரதம் உருவாகிவிடும். அடுத்த நாள் உழைப்பில் இன்னும் சிறிது சேரும். இச்சிறு சேர்க்கைகள் வாரக்கணக்கில் திரண்டே தசையின் திறன் உயர்கிறது. எலித்தசையின் இழைமணிப் புரதங்களில் பாதி ஏறத்தாழ ஒரு வாரத்தில் சிதைந்து புதுப்பிக்கப்படுவதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. எனவே உழைப்பு நின்றால் சேர்த்தது சில வாரங்களில் கரையத் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை குனோங் லேடாங்கின் 1,276 மீட்டர் உயரத்தை ஏறி வருவதைவிட, நாள்தோறும் குடியிருப்பைச் சுற்றி விரைந்து நடப்பது தசைக்குக் கூடுதல் பயன் தருவதற்கு இதுவே அடிப்படை.

ஒரு நொதியும் பல வழிகளும்

இந்நொதியின் பங்கைச் சோதிக்க ஆய்வர் அதனை முடக்கிய எலிகளை வளர்த்தனர். 2002-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வில், தசையின் ஆற்றல் இருப்பைக் குறைக்கும் ஒரு வேதிப்பொருள் எலிகளுக்கு ஊட்டப்பட்டது. இயல்பான எலிகளில் இழைமணிகள் பெருகின. நொதி முடக்கப்பட்ட எலிகளில் பெருகவில்லை. 2011-இல் கனடாவில் தசையில் பீட்டா உறுப்புகள் இரண்டும் இல்லாத எலிகள் ஆராயப்பட்டன. அவற்றின் இழைமணிகள் குறைந்திருந்தன. ஓடும் திறனும் பெரிதும் தளர்ந்திருந்தது.

எனினும் ஆல்பா-2 உறுப்பு மட்டும் இல்லாத எலிகளைப் பழக்கியபோது அவற்றின் தசையும் பயிற்சிக்கேற்ப மாறியதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. தசைச் சுருக்கத்தில் வெளிப்படும் கால்சியம் தூண்டும் நொதிகளும், அழுத்தத்தை உணரும் வேறு நொதிகளும் அதே மரபணுக்களை அணுக வல்லவை. உயிரின் இன்றியமையாப் பணிகளுக்கு இயற்கை ஒரே வழியை வைப்பதில்லை. ஆற்றலுணர் நொதி அவ்வழிகளுள் தலையாயது, தனித்து நிற்பதன்று.

நம்மவரைப் பற்றிய ஓர் ஆய்வும் இங்கே எண்ணத்தக்கது. 2008-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கே. ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் இந்திய மரபினரின் தசையையும் வட ஐரோப்பிய மரபினரின் தசையையும் ஒப்பிட்டனர். இந்திய மரபினரிடம் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்தது. ஆயின் இழைமணிகளின் ஆற்றலாக்கும் திறன் அவர்களிடம் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. இழைமணி குன்றியதால்தான் இன்சுலின் எதிர்ப்பு வருகிறது என்னும் எளிய விளக்கம் நம்மவர்க்குப் பொருந்தவில்லை. பொறி திறனுள்ளதாக இருந்தும் அதற்கு வேலை கொடுக்கப்படாவிட்டால் எரிபொருள் தேங்கும் என்றே நான் இதனைக் காண்கிறேன். நம் தசை பிறவியிலேயே இயலாத தசை என்று எவரும் சோர்வடைய வேண்டியதில்லை.

மாத்திரையால் ஆகுமா?

நொதியை மருந்தால் தூண்டிவிட்டால் உழைக்காமலே பயன் பெறலாம் அன்றோ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. 2008-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் விகாங் நார்க்கரும் ரொனால்டு எவான்சும், இந்நொதியைத் தூண்டும் ஐகார் என்னும் பொருளை ஓடிப் பழகாத எலிகளுக்கு நான்கு வாரம் கொடுத்தனர். அவற்றின் ஓட்டத் தாங்குதிறன் 44 விழுக்காடு உயர்ந்தது. விளையாட்டுலகில் ஐகார் இன்று தடைசெய்யப்பட்ட பொருள்.

ஆயின் உடலெங்கும் ஒரே நேரத்தில் நொதியைத் தூண்டுவது தீங்கற்றதன்று. 2017-இல் வெளியான ஆய்வில், நொதியின் எல்லாக் கூட்டுகளையும் தூண்டும் புதுமருந்து குரங்குகளின் குருதிச் சர்க்கரையைக் குறைத்தது. அத்துடன் விலங்குகளின் இதயத்தில் கிளைக்கோசனைச் சேர்த்து இதயத்தைப் பருக்கவும் வைத்தது. உழைப்போ உழைக்கும் தசையில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் நொதியைத் தூண்டிப் பின் அமைதியடையச் செய்கிறது. அவ்வொழுங்கை எம்மருந்தும் இன்றுவரை எட்டவில்லை.

நாட்டின் அரசு மருந்தகங்களில் இனிப்புநீர் உடையோர் பெரும்பாலோர்க்குத் தரப்படும் மெட்பார்மின் இந்நொதியைத் தூண்டுகிறது என 2001-இல் கண்டறியப்பட்டது. ஈரலில் அதன் பணிக்கு வேறு வழிகளும் உண்டு என்பது பின்னர் தெளிந்தது. அம்மருந்து நன்மருந்து, மருத்துவர் சொன்னபடி உட்கொள்ள வேண்டியது. நடையை நிறுத்த அது உரிமை தருவதில்லை. நடையும் மருந்தை நிறுத்த உரிமை தருவதில்லை.

ஜொகூர்த் தமிழர்க்கு ஒரு வேண்டுகோள்

இந்த அறிவுத்துறையில் எளியவர்க்கு மிக்க நம்பிக்கை தரும் ஆய்வு 2001-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜாஸ்லின் இனிப்புநீர் ஆய்வு நிலையத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் வகை இனிப்புநீர் உடையோரும் இல்லாதோரும் மிதிவண்டிப் பொறியை மிதித்தனர். தொடைத்தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்குகள் எடுத்து ஆயப்பட்டன. நோயுற்றோரின் தசையிலும் ஆற்றலுணர் நொதி நோயற்றோரின் தசையில் போலவே விழித்தெழுந்தது. இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறந்த தசை உழைப்புக்குச் செவிசாய்க்க மறக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 மணித்துளிகள் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஒரு முறை உழைப்பதால் இன்சுலினுக்குத் தசை கூடுதலாக இணங்கும் நிலை ஏறத்தாழ இரு நாள்வரை நீடிக்கக்கூடும். ஆகவே தொடர்ந்து இரு நாளுக்கு மேல் இடைவெளி விடாதிருத்தல் நன்று. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் இதயநோய் உடையோரும் பாதத்தில் புண் உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துக் கடற்பாலத்து நெரிசலில் நின்று வீடு திரும்புபவரிடம் போய் நடக்கச் சொல்வது எளிது. நடக்க இடமும் நேரமும் அமைத்துத் தருவது கடினம். அக்கடமை குமுகாயத்துக்கு உரியது. கோயில் வளாகங்களும் தமிழ்ப்பள்ளித் திடல்களும் மாலையில் நடைக்காகத் திறந்திருக்கட்டும். திருவிழா நாள்களில் நடைபெறும் குருதிச் சர்க்கரைச் சோதனையோடு நின்றுவிடாமல், சோதனையில் நோய் கண்டோரைச் சேர்த்து வாரந்தோறும் நடக்கும் குழுக்களை இயக்கங்கள் அமைக்கட்டும். பெண்களுக்குத் தனி நேரமும் காப்பும் ஒதுக்கட்டும். தொழிற்சாலைகளில் இடைவேளையின்போது படியேறவும் நடக்கவும் இடம் கேட்டுத் தொழிற்சங்கங்கள் பேசட்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். இக்கட்டுரையில் கண்ட அறிவின் பெரும்பகுதி அமெரிக்க, ஆஸ்திரேலிய, டென்மார்க்கு நாட்டினரின் தொடைத்தசைகளிலிருந்தும் எலிகளிலிருந்தும் திரட்டியது. இனிப்புநீர் மிகுந்த நம் மக்களின் தசை இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், இஸ்கண்டார் புத்திரியில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி நிலையமும் இம்மாநிலத்திலேயே உள்ளன. அங்கெல்லாம் பயிலும் தமிழ் மாணவர் இத்துறையை ஏற்று, நம் மக்களின் தசையில் இந்நொதி எவ்வளவு உழைப்பில் எவ்வாறு விழிக்கிறது என்பதை ஆய்ந்து உலகுக்கு அளிக்க வேண்டும்.

தோட்டக்காட்டு உழைப்பின் துயரத்துக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை, திரும்பவும் கூடாது. அவ்வுழைப்பு அன்றாடம் தசைக்குத் தந்துவந்த ஆணையை மட்டும் நாம் நம் விருப்பத்தால், நம் நலத்துக்காகத் தர வேண்டும். இன்று மாலையே அரைமணி நேரம் விரைந்து நடந்து, அதனைத் தொடங்குங்கள்.